வேட்டைக்கு மின்சைக்கிள் வாங்கும் முன்: கேள்வி பதில்

மே மாதம் குளிர் தொடங்கிவிட்டால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பக்கம் நம் ஆட்கள் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது அதோடு மின்சைக்கிள் பேச்சும் சேர்ந்துகொண்டது. டர்பனில் சைக்கிள் பழுதுபார்ப்பவன், குளிர்காலத்தில் வேட்டைக்கும் போகிறவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சேட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, கடையில் 1000 வாட், 1500 வாட் என்கிறார்கள். வாட் கூடக்கூட மலை ஏறுவது சுலபம்தானே?

வாட்டை அப்புறம் பார்க்கலாம் தம்பி. மோட்டார் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் இருந்தால் அது ஹப் மோட்டார். சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் அதுவும் சுற்றும். கல்லும் பள்ளமுமான ஏற்றத்தில் மணிக்கு 5, 6 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. அந்த வேகத்தில் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிடும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம் தேய்ந்துபோகும்.

பெடல் அச்சில் இருப்பது மிட் டிரைவ். இதன் விசை செயின் வழியாகப் போவதால், சின்ன கியரில் போட்டால் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போதும் மோட்டார் வேகமாகச் சுற்றும். சூடு ஏறாது. பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் மோட்டாரின் மதிப்பு வெறும் 250 வாட். ஆனால் 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. பஃபாங் அல்ட்ரா 1000 வாட், 160 நியூட்டன் மீட்டர். 1000 வாட் ஹப் திணறி நிற்கிற ஏற்றத்தில் 250 வாட் மிட் டிரைவ் நிதானமாக ஏறிப் போகும். மலைப்பக்கம் போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம் என்பது என் முடிவு.

சமதளமான கரும்புத் தோட்டப் பாதை, மணல் ரோடு மட்டும்தான் என்றால் ஹப் போதும். விலையும் குறைவு, செயினும் நெடுநாள் வரும். மிட் டிரைவின் குறையே செயினைத் தின்பதுதான். கியர் மாற்றும்போது காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மாற்று இணைப்புக் கண்ணியும் செயின் கழற்றும் கருவியும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: ஒரு சார்ஜில் 100 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். அது ஒல்லியான ஆள், தார் ரோடு, மோட்டாரின் குறைந்த உதவி என்று வைத்துப் போட்ட கணக்கு. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வோல்ட்டை ஆம்ப்-அவரால் பெருக்கினால் வாட்-அவர், அதாவது பேட்டரி தாங்கும் மொத்தச் சக்தி. 48 வோல்ட், 17.5 ஆம்ப்-அவர் என்றால் 840 வாட்-அவர்.

இனி செலவு. நீங்கள் 85 கிலோ, வண்டி 30, துப்பாக்கியும் தண்ணீரும் பையும் 15, ஆக 130 கிலோ. இதை 400 மீட்டர் உயரம் ஏற்ற இயற்பியல்படி சுமார் 142 வாட்-அவர் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 180 என்று வையுங்கள். அதற்கு மேல் புல்லிலும் மணலிலும் அகல டயர் உருள ஆகும் செலவு. கிலோமீட்டருக்கு 15 என்று தாராளமாகவே போடுங்கள். 15 கிலோமீட்டர் சுற்றி, மொத்தமாக 600 மீட்டர் ஏறினால் 500 வாட்-அவர் போய்விடும். நீங்களும் மிதித்தால் இதில் நல்ல பங்கு குறையும். ஆனால் திரும்பும்போது இறைச்சியும் கூட வரும் என்பதை மறக்காதீர்கள். பேட்டரியில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டேங்கரிலிருந்து: எனக்கு 62 வயது, முழங்கால் சரியில்லை. கனமான அகல டயர் வண்டியா, இலேசான மலைச் சைக்கிளா?

இந்தக் கேள்வியை எல்லோருமே கேட்க வேண்டும் ஐயா. வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பதை வைத்து நான் தேர்ந்தெடுப்பதில்லை. பேட்டரி தீர்ந்து, இருட்டிக்கொண்டு வரும்போது, அதைத் தள்ளிக்கொண்டு வீடு சேர முடியுமா என்பதுதான் என் அளவுகோல். வேட்டைக்கென்றே விற்கும் அகல டயர் வண்டிகள் பல 30 கிலோவைத் தாண்டும். மேலே வைக்கும் சுமையோடு அது 45, 50 ஆகிவிடும். அதை ஓடைக்கரையில் தூக்கி அக்கரை வைக்க முடியுமா? கம்பி வேலிக்கு மேலே இருவராகவாவது ஏற்றி இறக்க முடியுமா? பண்ணையில் ஒவ்வொரு இடத்திலும் கேட் இருக்காது.

நல்ல மலைச் சைக்கிள் வகை மின்வண்டி 22 முதல் 25 கிலோவில் கிடைக்கிறது. டயர் 2.6 அங்குலம் இருந்தால் நம் பக்கத்துக் கல்பாதைக்குப் போதும். 4 அங்குல டயர் உண்மையில் தேவைப்படுவது ஆழமான மணலிலும் சேற்றிலும்தான். உங்கள் முழங்காலுக்கு நான் சொல்வது: இலேசான வண்டி, மிட் டிரைவ், கூடவே தள்ளும்போது உதவும் நடை வசதி. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் வண்டி உங்களோடு நடைவேகத்தில் தானாக ஏறி வரும். வாங்கும் முன் கடைக்காரரிடம் சொல்லிப் பேட்டரியைக் கழற்றச் செய்து, ஏதாவது ஓர் ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வேறு வண்டி பாருங்கள்.

டோங்காட்டிலிருந்து: முள் குத்திப் பஞ்சர் ஆவதைத் தடுக்க வழி உண்டா?

ஸுலுலாந்துப் புதர்க்காட்டில் இது பெரிய தலைவலி. கருவேல இனத்து வெள்ளை முள் ஒன்று விரல் நீளம் இருக்கும். எந்த டயரையும் துளைத்துவிடும். டியூபைக் கழற்றிவிட்டு டியூப்லெஸ் ஆக்கி, உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றுங்கள். சிறு துளைகள் உருளும்போதே அடைபடும். நம் குளிர்காலம் வறண்ட காலம், திரவம் காய்ந்துபோகும். அதனால் சீசன் தொடங்கும் முன் புதிதாக ஊற்ற வேண்டும். பெரிய துளைக்கு ரப்பர் திரி செருகும் கருவி, கைப்பம்பு, அவசரத்துக்கு ஒரு டியூப் எடுத்துப் போங்கள். அந்த டியூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி, ஒடிந்து நிற்கும் முள்களை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் போட்ட இடத்திலேயே அதுவும் போய்விடும்.

பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் உள்ள வண்டியில் டியூப் மாற்ற வேண்டுமானால் மின் இணைப்பைக் கழற்றி, பெரிய ஸ்பேனரால் நட்டைத் திருக வேண்டும். புதருக்குள் அது பெரிய வேலை. மிட் டிரைவுக்கு இது இன்னொரு காரணம்.

பீனிக்ஸிலிருந்து: சத்தமே வராது என்கிறார்களே, மான் பக்கத்தில் போய்விடலாமா?

பெட்ரோல் வண்டியின் இரைச்சலும் வாசனையும் இல்லை என்பது உண்மை. ஆனால் மிட் டிரைவ் ஏற்றத்தில் மெல்லிதாகக் கீச்சிடும், பெடலை நிறுத்தினால் பின்சக்கரம் டிக்டிக் என்னும், செயின் சட்டத்தில் அடிக்கும். பிரேக்கில் உலோகக் கட்டை போட்டிருந்தால் ஈரத்தில் அலறும். ரெசின் கட்டை அமைதியானது, ஆனால் சீக்கிரம் தேயும். இன்யாலாவுக்கும் கூடூவுக்கும் காது பெரியது. குறைந்தது அரை கிலோமீட்டர் முன்பே வண்டியை விட்டுவிட்டு, காற்று உங்கள் முகத்தில் படுகிற திசையில் நடந்து போங்கள்.

வெருலத்திலிருந்து: துப்பாக்கியை வண்டியில் எப்படிக் கொண்டுபோவது? மேலே உட்கார்ந்தபடியே சுடலாமா?

சுடக் கூடாது தம்பி. வண்டி உங்களை வேட்டை இடத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும்தான். அதில் ஏறி மிருகத்தைத் துரத்துவதும் தவறு. அடிபட்ட மிருகத்தின் தடத்தைப் பின்தொடரும்போது இரத்தத் துளியைப் பார்த்துக் குனிந்து நடக்க வேண்டும். சக்கரம் அந்தத் தடத்தையே அழித்துவிடும்.

துப்பாக்கி, அதன் தோட்டா அறை காலியாக, உறையில் போட்டு, முதுகிலோ சட்டத்தில் பூட்டிய தாங்கியிலோ இருக்கட்டும். ஹேண்டில்பாரில் குறுக்கே கட்டுவது ஆபத்து, புதரில் மாட்டி விழுந்துவிடுவீர்கள். பண்ணையைவிட்டுப் பொதுச் சாலைக்கு வந்தால் 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நீளத் துப்பாக்கி அதற்கான உறையில், முழுவதும் மூடியபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மரத்தில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள். கல்லில் குதித்து வந்த பிறகு துப்பாக்கியின் தூரநோக்கி (ஸ்கோப்) அசைந்திருக்கலாம், அதனால் முகாமில் ஒரு குண்டு சுட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லேடிஸ்மித்திலிருந்து: அடித்ததை இழுத்து வர டிரெய்லர் வாங்கலாமா?

இம்பாலா, டுய்கர் போன்ற மான்கள் அளவுக்குத் தாராளமாக வாங்கலாம். 50, 60 கிலோ எடையுள்ள இம்பாலா கிடாவைக் குடலெடுத்துத் தோலுரித்தால் 30 கிலோ சுமாருக்கு வந்துவிடும். குறுகிய மான் தடத்தில் ஒற்றைச் சக்கர டிரெய்லர் நன்றாகப் பின்தொடரும். இரட்டைச் சக்கரம் கல்லில் ஏறினால் கவிழும், ஆனால் சமதளத்தில் அதுதான் நிலையானது. இறக்கத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ளும் என்பதால் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் 180 மில்லிமீட்டருக்குக் குறையாத வட்டும் இல்லாமல் இழுக்கவே வேண்டாம். முழு வளர்ந்த கூடூ ஆண் 200 கிலோவைத் தாண்டும். அதற்குப் பண்ணைக்காரரின் பக்கி (பிக்கப்) வண்டியைக் கூப்பிடுங்கள்.

லெனேஷியாவிலிருந்து: ஜோஹானஸ்பர்கிலிருந்து விமானத்தில் வண்டியைக் கொண்டுவர முடியுமா?

வண்டியை ஒருவேளை ஏற்றலாம், பேட்டரியை முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணச் சாமானாக ஏற்க மாட்டார்கள். என்3 நெடுஞ்சாலையில் காரில் வாருங்கள்.

அண்டர்பெர்கிலிருந்து: மின்சாரம் இல்லாத முகாமில் எப்படிச் சார்ஜ் போடுவது? காலையில் உறைபனியாக இருக்கிறதே?

48 வோல்ட் பேட்டரிக்கு வரும் 3 ஆம்ப் சார்ஜர் சுமார் 160 வாட் எடுக்கும். பக்கி வண்டியில் 300 வாட் இன்வெர்ட்டர் இருந்தால் போதும், ஆனால் 840 வாட்-அவர் நிரம்ப ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்து இதை எடுத்தால் காலையில் வண்டி கிளம்பாது. இரண்டாவது பேட்டரி பொருத்தியிருந்தால் அதிலிருந்து எடுங்கள், அல்லது எஞ்சின் ஓடும்போது போடுங்கள். இரண்டு நாள் வேட்டைக்கு இதையெல்லாம் செய்வதைவிட, வண்டியோடு கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிவிடுவது நல்லது.

ட்ராக்கன்ஸ்பர்க் மலைக் குளிரில் பேட்டரியின் சக்தி கணிசமாகக் குறையும். இரவில் கழற்றி அறைக்குள் வையுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும், ஆபத்தும் கூட. படுக்கை அறையில், ஆள் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். வாங்கும்போதே யூ.எல். 2849 அல்லது 2271 என்ற பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

இசிபிங்கோவிலிருந்து: சீசன் முடிந்து புரட்டாசி வந்துவிட்டால் வீட்டில் இறைச்சியே கிடையாது, வண்டியும் மே வரை கொட்டகையில்தான். எப்படி வைப்பது, தங்கச்சிக்குச் சொல்லுங்கள் அண்ணா.

முழுச் சார்ஜில் வைக்காதேம்மா, காலியாகவும் வைக்காதே. பாதியளவில், 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் நிழலான இடத்தில் வை. டர்பன் கோடையில் தகரக் கொட்டகை அடுப்பாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்த்து, இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்று. வண்டியைப் பிரஷர் வாஷரில் கழுவாதே, தண்ணீர் மோட்டார் பேரிங்குக்குள் போகும். வாளித் தண்ணீரும் துணியும் போதும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறாய், உப்புக்காற்றில் செம்பு முனைகள் பச்சை பிடிக்கும். இணைப்புகளில் மின் இணைப்புக்கான கிரீஸ் மெல்லிதாகத் தடவி வை. செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றை நிரப்பி, சக்கரம் தரையைத் தொடாமல் மாட்டி வைத்துவிடு.