கட்டாயம் கூடாது என்றால் கடமையும் இல்லையா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன், வயது 31. தனிமனிதனின் வாழ்க்கையிலும் சம்பாத்தியத்திலும் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று நம்பும் சுதந்திரவாதி நான். மாதாமாதம் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்கென்று என்னைக் கேட்காமலே பிடிக்கப்படுவதை ஏற்க முடியவில்லை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதால், அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவ மறுத்தேன். அக்கம்பக்கத்தார் மாதாமாதம் பணம் போட்டு நடத்தும் சீட்டான 'கூட்டு' ஒன்றுக்கு அம்மா அழைத்தும் நான் சேரவில்லை. அரசாங்க ஓய்வூதியத்தில் வாழும் அப்பா, "நீ படித்தது யார் காசில்?" என்று கேட்டதோடு பேச்சை நிறுத்திவிட்டார். மனைவியும் அவர் பக்கம்தான். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மலிவுச் சம்சு என்னும் சாராயம் விற்கும் கடையை அரசாங்கம் மூடினாலாவது உருப்படியான காரியமாக இருக்கும். என் கொள்கையை நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: விட்டுக்கொடுக்க வேண்டாம். தனிமனித சுதந்திரத்தைப் பெரிதாக மதிப்பவள் நானும். ஆனால் அந்தக் கொள்கை எதைப் பற்றிப் பேசுகிறது, எதைப் பற்றிப் பேசவில்லை என்பதை நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டில் மூண்டிருக்கும் சண்டைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தும் அதிகாரத்துக்கு இருக்கும் ஒரே நியாயம், பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதுதான் என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதினார். அதே இடத்தில், ஒருவரிடம் எடுத்துச் சொல்வதும், வாதாடுவதும், கெஞ்சிக் கேட்பதும் தாராளமாகச் செய்யக்கூடியவை, தண்டனை காட்டி அடக்குவதுதான் கூடாது என்றும் சேர்த்தே சொன்னார். உங்கள் அண்ணன் உங்களிடம் கேட்டார். கேட்டதைக் கட்டாயம் என்று எப்படிச் சொல்வீர்கள்? மறுக்க உங்களுக்கு உரிமை இருந்தது, மறுத்தீர்கள், எந்தச் சட்டமும் உங்கள் மீது பாயவில்லை. அந்த மறுப்பு சரியா என்பது வேறு கேள்வி; அதற்கு உங்கள் பாசமும் மனசாட்சியும் பதில் சொல்ல வேண்டுமே தவிர, அரசியல் கொள்கையை அதற்குள் இழுக்க இடமில்லை.

சேமநிதியைப் பொறுத்தவரை உங்கள் ஆட்சேபம் நியாயமானதே. 1951இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், நீங்கள் உழைத்துச் சேர்த்த பணத்தின் பெரும்பகுதி 55 வயது வரை உங்கள் கைக்கு வராது. எதுவுமே சேர்க்காமல் முதுமையை எட்டுகிறவரைப் பிறருடைய வரிப்பணம்தானே தாங்க வேண்டியிருக்கும் என்று எதிர்த்தரப்பார் கேட்பதிலும் பொருள் உண்டு. 2024 மே மாதம் முதல், புதிதாகச் சேரும் தொகையில் பத்து விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்குக்குப் போகிறது. பிடித்தம் கூடாது என்று வாதாடிக்கொண்டே அந்தக் கணக்கைத் தொடாமல் வைத்திருங்கள். தன் முதுமைக்குத் தானே பொறுப்பேற்க முடியும் என்று சொல்கிறவரின் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று வேறு கிடைக்காது.

ஆனால் சம்சுக் கடையை அதே அரசாங்கம் மூட வேண்டும் என்கிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அந்தப் புட்டிகளால் சீரழிந்த குடும்பங்களை நம் சமுதாயம் நிறையவே கண்டிருக்கிறது. இந்த முரண்பாடு பெரியவர்களுக்கும் இருந்தது. 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்று அரசாங்கத் தலையீட்டைச் சாடி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜிதான், 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தவர். தனக்கு உயிரான விழுமியம் என்று வரும்போது சட்டத்தின் கையைப் பிடிக்கத் தோன்றுவது இயல்பு. உங்களுக்கு மது எப்படியோ, உங்கள் அப்பாவுக்குக் கல்வி அப்படி என்பதை இந்த இடத்தில் நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

கூட்டைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். பன்னிரண்டு பெண்கள் மாதம் 200 வெள்ளி போட்டுச் சீட்டுக் குலுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதமே 2,400 வெள்ளியை எடுத்துக்கொண்டு போகிறவர், அடுத்த பதினொரு மாதமும் தவறாமல் கட்டினால்தான் கடைசியில் நிற்பவருக்கு அவர் பணம் கிடைக்கும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. சொன்ன சொல் மட்டும்தான். வியாபாரமாகக் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும், அக்கம்பக்கத்தில் இது நின்றுவிடவில்லை. அரசாங்கம் இல்லாமலே மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள முடியும் என்று நீங்கள் புத்தகத்தில் படித்ததை, உங்கள் அம்மா வீட்டு வரவேற்பறையில் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார். ஏமாந்தவர்களும் உண்டு என்பதால், யாரை நம்பிச் சேர்கிறோம் என்று பார்த்துச் சேர்வது நல்லது. அந்தக் காரணத்துக்காக மறுத்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது.

பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் அமைச்சராக இருந்தார் என்பது உண்மைதான். ஆனாலும் தோட்டங்களை வாங்கிய மூலதனத்தில் பால்மரம் சீவியவர்கள் தவணை தவணையாகக் கட்டிய பத்து வெள்ளிகள் இருந்தன. அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், இப்படிப்பட்ட சுமைகளில் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் சுமையைக் குறைத்துக்கொண்டு விலகி நிற்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு உறுத்துவது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பாவிடம் நீங்களே முதலில் பேசுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு, "உங்கள் உழைப்பிலும் ஊரார் கட்டிய வரியிலும் படித்தேன்" என்று நேராகப் பதில் சொல்லிவிட்டு, கல்விக்கு வேறு வழியும் இருக்கலாம் என்று நீங்கள் நினைப்பதை அதன் பிறகு சொல்லலாம். நன்றி சொல்வதால் உங்கள் வாதம் தோற்றுவிடாது. அண்ணனிடம், வீட்டுச் செலவு போக உங்களால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் பார்த்து, முடிந்ததைச் சொல்லுங்கள். ஒன்றும் முடியாதென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பெண் எந்தக் கல்லூரியில் என்ன படிக்கப் போகிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அண்ணனைப் பார்க்கும்போது முதலில் அதைக் கேளுங்கள்.