கம்பத்துத் தங்கச்சிக்கு: நர்சிங்கா, ரெஸ்பிரேட்டரி தெரபியா?

பிளஸ் டூ உயிரியல் முடித்துவிட்டு ரெஸ்பிரேட்டரி தெரபி (மூச்சுவிடச் சிரமப்படுபவர்களுக்கான சிகிச்சை) படிக்க ஆசை, அப்பா மட்டும் "ஆக்சிஜன் மாட்டிவிடவா 4 வருஷம்?" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கொச்சியில் ஐசியூவில் இந்த வேலைதான் பார்க்கிறேன்.

ஆக்சிஜன் மாட்டுவது இதில் ஒரு துளி. வென்டிலேட்டரில் (செயற்கை சுவாச இயந்திரத்தில்) இருப்பவரின் தமனி ரத்தத்தை எடுத்து, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் இயல்பான 35-45 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, மூச்சின் அளவையும் எண்ணிக்கையையும் டாக்டரிடம் பேசி மாற்றுவது, சளி உறிஞ்சுவது, குறைமாதக் குழந்தைக்கு சிபாப் (மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) வைப்பது, அப்புறம் மெதுவாக இயந்திரத்திலிருந்து விடுவிப்பது, அதற்குத்தான் பொறுமை வேண்டும். இரவு டியூட்டி உண்டு, மரணமும் பார்ப்பீர்கள். சளியைக் கண்டு குமட்டினால் இப்போதே யோசியுங்கள்.

உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்றால் நர்சிங்தான் என் ஓட்டு. தேனிப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனி ஆள் வைப்பது அபூர்வம். குமுளி தாண்டி கோட்டயம், கொச்சி, இல்லையென்றால் மதுரை, கோவை என்று போகத் தயாரா?

வெளிநாட்டுக் கனவு காட்டும் ஏஜென்டை நம்பாதீர்கள். சவூதியில் இதற்கு வேலை உண்டு, ஆனால் அங்கே உரிமத் தேர்வு எழுத வேண்டும். பிரிட்டனில் இப்படித் தனித் தொழிலே கிடையாது, அங்கே இந்த வேலையை நர்சுகளும் பிசியோதெரபிஸ்டுகளும் பார்க்கிறார்கள்.

சேருமுன் அந்தக் கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, ஐசியூவில் எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது, இரண்டையும் நேரில் போய்க் கேளுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.