எட்டு கிட்டார்கள்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் அச்சும் கருவிகளும் செய்யும் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்து மூன்று. சில வருடங்களாக விசித்திரமான எலக்ட்ரிக் கிட்டார்களை வாங்கிச் சேர்க்கிறேன், நானே செய்யவும் செய்கிறேன். இப்போது எட்டு இருக்கின்றன. ஒன்று மீன் வடிவம், ஒன்றுக்குத் தலையே கிடையாது, ஒன்று பழைய வீட்டு ஈட்டிமரக் கதவிலிருந்து செய்தது. நான் செய்தவற்றை சி.என்.சி. என்ற கணினி மெஷினில் வெட்டி, கார் பெயிண்ட் அடித்திருக்கிறேன். எல்லாமே கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. நண்பன் ஒருவன் மேடையில் வாசிக்க ஒன்றைக் கேட்டான், கீறல் விழும் என்று கொடுக்கவில்லை. வீட்டில் இடமில்லை என்கிறாள் மனைவி. “இந்த வயசுல பொம்மை எதுக்குடா?” என்கிறார் அப்பா. இது கலையா, வெறும் பொழுதுபோக்கா? ஒலிக்கு எந்த மரம் சிறந்தது?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

நீங்கள் அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். அந்த மீன் கிட்டாரில் கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஒரு தாள்கூட நுழையாது போலிருக்கிறது. பல வருடம் இரும்போடு பழகிய கைக்குத்தான் அது வரும். இப்படி ஒரு கை வாய்த்தவர் தன்னைச் சந்தேகப்பட்டு ஊர்பேர் தெரியாத எழுத்தாளனுக்குக் கடிதம் எழுதுகிறார் என்பதே எனக்கு வருத்தமாக இருந்தது.

கலையா பொழுதுபோக்கா என்ற கேள்விக்குள் நான் வரப்போவதில்லை. அதற்குப் பதில் கிடைத்தாலும் நாளை காலை நீங்கள் அதே உளியைத்தான் எடுக்கப் போகிறீர்கள். மரத்தைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். திட உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கம்பியும், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும், கம்பி உட்காரும் இரண்டு முனைகளும்தான். எந்த மரம் என்ற சண்டை முடியவே முடியாது, விடுங்கள். ஈட்டியைப் பொறுத்தவரை பழைய கதவில் செய்தீர்களே, அதுவே சரி. தமிழ்நாட்டில் ஈட்டியைக் காப்பதற்கென்றே 1994இல் தனிச் சட்டம் வந்தது. புதிதாக வெட்டிய ஈட்டியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கியிருக்கிறேன், முழுசாக அது நான்கு பக்கம். மரத்தின் பெயர் இருக்கிறது, பெயிண்ட்டின் பெயர் இருக்கிறது, எந்தத் திருகு எத்தனை மில்லிமீட்டர் என்பதுகூட இருக்கிறது. எட்டில் ஒன்றாவது எப்படி ஒலிக்கிறது என்று ஒரு வரி இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன் கே., ஒரு வரி இல்லை!

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் அத்தையின் வீணையை யாரிடம் கொடுத்து மேளம் வைப்பது, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகப் பதிப்பது, என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. மெட்டு என்றால் கம்பியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டை. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள். பித்தளை மெட்டுகளைக் கறுப்பு மெழுகின் மேல் பதித்திருப்பார்கள். வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும், சுருதி கெடும். அத்தை வீணையைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது சின்னப் பையனாக நானும் ஒட்டிக்கொள்வேன். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். வேலையை ஆரம்பிக்கும் முன் ஃபேனை நிறுத்தச் சொல்வார், தெருப்பக்கக் கதவைச் சாத்தச் சொல்வார். வேர்த்துக் கொட்டும். கம்பியை மீட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், கட்டைவிரலால் மெட்டை மயிரிழை தள்ளுவார், மறுபடி மீட்டுவார். அவர் கையில் அளவுகோல் எதையும் நான் பார்த்ததில்லை. நான் ஏதோ கேட்க வாயைத் திறந்தபோது அத்தை என் தொடையில் கிள்ளியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசி மெட்டு உட்கார்ந்ததும் அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்து, “வாசிம்மா” என்பார். அத்தை வாசித்து முடிக்கும்வரை கூலியைக் கையில் வாங்க மாட்டார்.

கிட்டாருக்குக் கணக்கு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கலீலியோவின் அப்பா வின்சென்சோ கலீலி லூட் என்ற பழைய ஐரோப்பியக் கம்பி வாத்தியக் கலைஞர். கம்பியின் நீளத்தை 18ஆல் வகுத்து முதல் மெட்டை வை, மிச்சத்தை மறுபடி 18ஆல் வகுத்து அடுத்ததை வை என்ற வழியை 1581இலேயே எழுதி வைத்தவர். இன்று 17.817ஆல் வகுக்கிறோம். ஃபெண்டர் கம்பெனி கிட்டாரின் 648 மில்லிமீட்டர் கம்பி நீளத்தில் 18ஐ வைத்துப் போனால் 12ஆவது மெட்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். உங்கள் மெஷின் அந்தத் தவறைச் செய்யாது, சரி. ஆனால் கம்பியை மெட்டின் மேல் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது, சுருதி ஏறுகிறது, அதுவும் ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு அளவு. அதை ஈடுகட்டத்தான் உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் முனையையும் தனித்தனியாகப் பின்னால் தள்ளி வைக்கிறோம். 12ஆவது மெட்டில் விரலைச் சும்மா தொட்டு ஒருமுறை, அழுத்தி ஒருமுறை மீட்டி, இரண்டும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். சுருதி காட்டும் டியூனர் உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்பிய படங்களில் தலையில்லாத கிட்டாரைப் பாருங்கள், ஆறு முனைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. கடையிலிருந்து வந்த பிரிட்ஜை மாட்டியதோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கிட்டார் இதுவரை யார் காதுக்காகவும் வாசிக்கப்படவில்லை என்று அந்தப் படமே சொல்லிவிட்டது.

விசித்திரமான கிட்டார் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குயீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் சிவப்புக் கிட்டார். 1963இல் லண்டன் புறநகரில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அப்பா ஹெரால்டோடு சேர்ந்து செய்யத் தொடங்கியது. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், அதில் பூச்சி துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், மெட்டுப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். எல்லோரும் இந்தப் பட்டியலைத்தான் சொல்லி வியப்பார்கள். எனக்கு முக்கியம் வேறு. ஆம்ப்ளிஃபயர் முன்னால் நின்றால் கம்பி தானாகப் பாட வேண்டும் என்று அந்தப் பையன் ஆசைப்பட்டான், அதற்காகவே உடலுக்குள் வெற்றிடம் விட்டார்கள். பிக்கப்பையும் முதலில் அவனே செய்தான். கம்பியைப் பக்கவாட்டில் வளைத்தபோது ஒலி கரகரத்தது, உடனே கழற்றிவிட்டுக் கடையில் மூன்று வாங்கிப் போட்டான். தன் கையால் செய்தது என்ற பெருமையைக் காதுக்காக விட்டுக்கொடுத்தான்.

அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் 1970களின் நடுவில் ஐம்பது டாலர் உடலையும் எண்பது டாலர் கழுத்தையும் சேர்த்தது வேறு எதற்கு? கிப்சன் கம்பெனி கிட்டாரின் கனத்த ஒலியும் வேண்டும், ஃபெண்டரின் ட்ரெமோலோவும் வேண்டும், இரண்டும் ஒரே கிட்டாரில் கடையில் கிடைக்கவில்லை. கிப்சன் பிக்கப்பின் அகலம் ஃபெண்டர் கம்பிகளின் இடைவெளிக்குப் போதவில்லை, சாய்த்து வைத்தார். சத்தம் கூட்டினால் வீலென்று கத்தியது, உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தார். பார்ப்பவர்களுக்கு அந்தச் சாய்ந்த பிக்கப்பும் உடலில் அடித்த கோடுகளும் கிறுக்குத்தனமாகத் தெரியும். சாய்வு வந்தது ஒலிக்காக.

வடிவமும் முக்கியம்தானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முக்கியம்தான். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நாலு அங்குலப் பைன் கட்டையில் கம்பி கட்டி வாசித்தபோது ஜனங்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒரு பழைய கிட்டாரின் உடலை அறுத்து இரண்டு பக்கமும் இறக்கைபோல ஒட்டியதும் அதே கட்டையை ரசித்தார்கள். ஆனால் கட்டை முதலில் ஒலித்தது, இறக்கை அப்புறம் வந்தது. நீங்கள் இறக்கையாகவே செய்து அடுக்குகிறீர்கள்.

உங்கள் அப்பாமேல் வருத்தம் வேண்டாம். பிரையனுக்கு உதவிய அதே ஹெரால்ட், மகன் முனைவர் ஆய்வைப் பாதியில் விட்டு இசைக்குப் போனபோது மனம் நொந்துபோனார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் 1977இல் மகன் வாசித்ததை நேரில் கேட்ட பிறகுதான் சமாதானம் ஆனார். உங்கள் அப்பா எதைக் கேட்டார்? அலமாரிக்குள் இருப்பதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் பொம்மை என்று சொன்னதில் எனக்குத் தவறு தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள். வாசிக்க வராது என்றால் யாரிடமாவது போய் ஆறு மாதம் கற்றுக்கொள்ளுங்கள், நாற்பத்து மூன்று ஒரு வயதா?

வீட்டில் இடமில்லை என்று மனைவி சொல்வது நியாயம். இனி வாங்குவதை நிறுத்துங்கள், செய்வதை நிறுத்தாதீர்கள்.

மீன் கிட்டாரை நண்பரிடம் கொடுங்கள். கீறல் விழட்டும். கச்சேரி முடிந்ததும் அவரை உட்கார வைத்து எந்த மெட்டில் இரைந்தது, எந்தக் கம்பி சுருதி இறங்கியது, எங்கே கை வலித்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதி வையுங்கள். ஒன்பதாவதை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்.