பிரிந்தால் பிப் நின்றுவிடுமா?

கேள்வி: எனக்கு 47 வயது. தண்டுவடப் பாதிப்பால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன்; அதற்கான அரசு உதவித்தொகையான பிப் (PIP) எனக்கு வருகிறது. இரண்டு படுக்கையறைக் கவுன்சில் (உள்ளாட்சி) வீடு, வாடகை ஒப்பந்தம் எங்கள் இருவர் பெயரிலும் உள்ளது. குறைந்த வருமானத்துக்கான அரசு உதவியான யுனிவர்சல் கிரெடிட் கணவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. என்னைப் பராமரிப்பதற்கான கேரர்ஸ் அலவன்ஸும் அவருக்குக் கிடைக்கிறது. கொஞ்ச காலமாக ஒரே வீட்டில் தனித்தனியாக வாழ்கிறோம். "பிரிந்தால் உன் பிப் நின்றுவிடும், வீடும் போய்விடும்" என்கிறார். உண்மையா?
- வாசகி, லண்டன்

பதில்: பிப் பற்றி அவர் சொல்வது சுத்தப் பொய். அது உங்கள் உடல்நிலைக்காக உங்களுக்கு வரும் பணம். வருமானம், சேமிப்பு, கல்யாணம் எதையும் அது பார்ப்பதில்லை. பிரிந்த காரணத்துக்காக ஒரு பென்னிகூடக் குறையாது. கேரர்ஸ் அலவன்ஸ்தான் வேறு கதை. வாரம் 35 மணி நேரமாவது உங்களைப் பராமரித்தால்தான் அது அவருக்கு. பராமரிப்பை விட்டால் நிற்கப்போவது அவருடைய பணம். அவருடைய கவலை எதைப் பற்றியது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு!

உங்களுக்கு மாறப்போவது யுனிவர்சல் கிரெடிட். இப்போது தம்பதியாகக் கணக்கிடுகிறார்கள்; இனித் தனி ஆளாகக் கணக்கிடுவார்கள். யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள உங்கள் ஜர்னலில் பிரிந்த தேதியை உடனே எழுதுங்கள், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கையும் கொடுங்கள். தள்ளிப்போட்டால், உங்களுக்குச் சேர வேண்டிய கூடுதல் பணம் பின்தேதியிட்டு வராமல் போகலாம். உடல்நிலைக்காகச் சேர்க்கப்படும் தொகை இருந்தால் அது தனிக் கணக்கிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், தருவார்கள்.

அவர் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லையே என்கிறீர்களா? ஒரே கூரையின் கீழும் பிரிந்து வாழலாம், ஆனால் காட்ட வேண்டும். யார் யாருக்குச் சமைக்கிறார்கள், துணி துவைப்பது யார், சாமான் வாங்குவது யார் காசில் என்றெல்லாம் கேட்பார்கள். நான் உதவிக்குப் போன ஒரு வீட்டில், பிரிட்ஜில் எந்தத் தட்டு யாருடையது என்பதுவரை கேள்வி வந்தது. சங்கடம்தான், ஆனால் நேராகப் பதில் சொல்லுங்கள்.

அப்புறம் வீடு. இங்கேதான் நிஜமான ஆபத்து. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம் காலவரையறை இல்லாததாக இருந்தால், ஒருவர் மட்டும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தாலே முழு ஒப்பந்தமும் முடிந்துவிடும். 1992-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்பளித்தது. அதனால் அவர் கோபத்தில் ஒரு கடிதம் எழுதுவதற்கு முன் குடும்ப வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டீஸைத் தடுக்க உத்தரவு கேட்கலாம். விவாகரத்தின்போது ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்ற நீதிமன்றத்துக்கு 1996 குடும்பச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. 'பெயரை எடுத்துவிடலாம்' என்று எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் போனபின்னும் ஒரு அறை உபரி என்று வாடகை உதவியில் 14% வெட்டலாம். ஆனால் இரவில் உங்களுக்குப் பராமரிப்பு தேவைப்பட்டு, அதற்காக வெளியிலிருந்து ஒருவர் வழக்கமாக வந்து தங்கினால், அவருக்கென்று அந்த அறையை வைத்துக்கொள்ளலாம். பிப்பில் அன்றாட வாழ்வுக்கான பகுதி உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கவுன்சில் சமூகப் பராமரிப்புப் பிரிவிடம் இப்போதே புது மதிப்பீடு கேளுங்கள். இரவில் எத்தனை முறை உங்களைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் வேறு பெரியவர் இல்லையென்றால் கவுன்சில் வரியிலும் 25% தள்ளுபடி உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.