அண்ணா சாலை எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் அஞ்சல்தலை சேகரிப்பாளர்களுக்கென ஒரு பிரிவு இயங்குகிறதே, அந்தக் கட்டடம்தான் 1913இல் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர். அதுவரை கூடாரங்களிலும் வாடகை மண்டபங்களிலும் காட்டப்பட்டுவந்த பேசாப் படங்களுக்கு, சென்னையில் நிரந்தரமாக அமைந்த முதல் இருப்பிடங்களில் அதுவும் ஒன்று. இரண்டே ஆண்டுகளில், 1915இல், காட்சிகள் நின்றுபோய்க் கட்டடம் அஞ்சல் துறையின் கைக்குச் சென்றது.

என் பார்வையில், அது தப்பிப் பிழைத்ததற்குக் காரணமே அந்தக் கைமாற்றம்தான். அதே பகுதியில் ரகுபதி வெங்கையா 1914இல் கட்டிய, தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் திரையரங்கு எனப்படும் கெயிட்டி, பல பத்தாண்டுகள் படம் காட்டியும் கடைசியில் இடிக்கப்பட்டது. ஒரே சீட்டில் எந்நேரமும் உள்ளே நுழைந்து, பாதியில் பார்க்கத் தொடங்கிய படத்தை அடுத்த காட்சியில் விட்ட இடம்வரை பார்த்துவிட்டு எழுந்து வரலாம் என்றிருந்த புளூ டைமண்ட், தன்னுடன் இருந்த சபையர், எமரால்டு அரங்குகளோடு சேர்ந்தே மறைந்துவிட்டது. அதற்கு இன்று மிஞ்சியிருப்பது அங்கே படம் பார்த்தவர்களின் நினைவு மட்டுமே.

ஆகவே நேரில் காண விரும்பினால் அஞ்சலகம் திறந்திருக்கும் வேலை நாளில் செல்லுங்கள்; வளைந்த முகப்பை வெளியில் நின்று பார்த்துவிட்டு, அஞ்சல்தலை வாங்கும் சாக்கில் உள்ளே போய், ஒருகாலத்தில் பார்வையாளர்கள் அமர்ந்திருந்த கூடத்தையும் பொறுமையாகப் பாருங்கள்.