நெற்றியில் மஞ்சள் பொடியோடு வரும் மைனா

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். பட்டுப்போன சில்வர் ஓக் மரத்தின் பொந்துக்கு இரண்டு மைனாக்கள் வந்து போகின்றன. கீழே வத்தலக்குண்டில் பார்க்கும் மைனாவுக்கு இருப்பதுபோல் கண்ணைச் சுற்றி மஞ்சள் இல்லை. அலகுக்கு மேல் மயிர் சிலிர்த்து நிற்கிறது, அதில் மஞ்சள் பொடி. நோயா? மரத்தை இந்த மாதம் வெட்டலாம் என்றிருக்கிறோம்.

பதில்: நோய் இல்லை, மகரந்தம். நீங்கள் பார்த்தது காட்டு மைனா. மிளகுக்கொடி ஏற்றிய கல்யாண முருங்கையோ இலவமோ பூத்திருந்தால் தேன் குடிக்க வரும். பூவுக்குள் அலகை நுழைக்கும்போது நெற்றிச் சிலுப்பலில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தச் சிலுப்பலே இதற்கு நல்ல அடையாளம்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் கண்ணைப் பாருங்கள். நம் தெற்கத்திக் காட்டு மைனாவின் விழி வெளிர் நீலம். வடக்கே இதே பறவைக்கு மஞ்சள் விழி. உடம்பு சாம்பல் நிறம். நீங்கள் வத்தலக்குண்டில் பார்க்கும் நாட்டு மைனாவோ பழுப்பு. பறக்கும்போது சிறகில் தெரியும் வெள்ளைத் திட்டு இரண்டுக்கும் உண்டு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மலை மைனாவோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பளபளக்கும் கறுப்பு, தலையில் மஞ்சள் தோல் மடிப்பு தொங்கும், மர உச்சியை விட்டு அதிகம் இறங்காது. காட்டு மைனா மேயும் மாட்டின் காலடியிலேயே நடந்து, புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும்.

மரத்தைத் தயவுசெய்து இப்போது வெட்டாதீர்கள். இந்தப் பறவைக்குப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து விட்டுப்போனதிலோ, தானாக இற்றுப்போன ஓட்டையிலோ, சுவர் இடுக்கிலோதான் குடியேறும். பச்சை மரத்தைவிடப் பட்ட மரத்தில்தான் பொந்து சுலபமாக அமையும். தென்னிந்தியாவில் பிப்ரவரி முதல் மே வரை முட்டையிடும் காலம். நீல முட்டைகள், பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து இரை ஊட்டும். ஒரே பருவத்தில் இரண்டாவது ஈடும் வைக்கலாம். அதனால் முதல் குஞ்சுகள் பறந்ததுமே கோடரியை எடுத்துவிடாதீர்கள். காலையில் அரை மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். அலகில் புழுவோ வைக்கோலோ கொண்டு உள்ளே போவது முழுவதும் நின்று சில வாரம் கழியட்டும்.

மரம் ஆட்கள் மேல் விழுமோ என்ற பயம் இருந்தால், அதைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்த வரிசையில் மட்டும் யாரையும் வேலைக்கு விடாமல் ஜூன் வரை தள்ளிப்போடுங்கள்.