வாடகைய ரெண்டு யூனிட்டுக்கும் பிரிக்கிறது அலொகேஷனா?

நீங்க கேட்ட வாடகை 60,000, தையலுக்கும் பிரிண்டிங்குக்கும் பொதுவா வர்றதால அது அலொகேஷன் இல்ல, அப்போர்ஷன்மென்ட், அதாவது பொதுச் செலவ ஒரு விகிதப்படி பிரிக்கிறது. ஒரு செலவு முழுசா ஒரே டிபார்ட்மென்ட்டுக்குன்னா, உதாரணமா பிரிண்டிங் இங்க், அதுதான் அலொகேஷன். டேலி அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல காஸ்ட் சென்டருக்கு (செலவ தனியா கணக்கு பாக்குற பிரிவு) போடுறது எல்லாத்தையுமே அலொகேஷன்னு காட்டும், குழப்பம் அங்கதான் வந்திருக்கும்னு நினைக்கிறேன்.

வாடகைக்கு சதுர அடி கணக்கு எடுங்க. தையல் 2,000, பிரிண்டிங் 1,000ன்னா 40,000, 20,000. கரண்ட் பில்லுக்கு இதே விகிதத்த போட்டுடாதீங்க, பிரிண்டிங்ல ட்ரையர் ஓடுனா அதுதான் கரண்ட அதிகமா இழுக்கும், தனி சப்மீட்டர் இருக்கான்னு பாருங்க, இருந்தா ரீடிங்படி போட்டுடலாம், இல்லன்னா மெஷின் கிலோவாட்டையும் ஓடுற மணி நேரத்தையும் பெருக்கி பிரிங்க.

அடுத்த வருஷ செலவ "ப்ரொவிஷன்"னு எழுதியிருக்கீங்களே, அத மாத்துங்க. ப்ரொவிஷன்னா ஏற்கனவே வந்துட்ட கடமை, தொகை மட்டும் மதிப்பீடு. இனிமே வரப்போறது பட்ஜெட் அல்லது ஃபோர்காஸ்ட் (முன்கணிப்பு), லெட்ஜர்ல ஏறாது.

பேங்க் லோனுக்கு சிஎம்ஏ டேட்டா (லோன் கேக்குறப்ப பேங்க்குக்கு குடுக்குற நிதி விவர அறிக்கை) தயார் பண்றீங்கன்னா, நடப்பு வருஷம் எஸ்டிமேட்டட், அதுக்கப்புறம் வர்றது ப்ரொஜெக்டட். சில பேங்க் சொந்த ஃபார்மட் வச்சிருப்பாங்க, அதுல இருக்கிற தலைப்பையே போட்டுடுங்க.